செங்கம் சாலையில் ஒரு மண் வீடு

ஞாயிறு மாலை

திருவண்ணாமலையில் செங்கம் பேருந்து ஏறி, நடுவழியில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் கொஞ்சம் நடை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். போன வருஷம் யாரோ வீடியோ எடுத்துப் போட்டதில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், காரில் ஆட்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். அதனால் செங்கம் சாலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கட்டுவது ஓர் ஆசிரியத் தம்பதி. மல்லாட்டை (வேர்க்கடலை) பறித்து முடித்த கொல்லையின் ஒரு மூலையில் வீடு. முன் அறைக்குப் போன வெயில் காலத்திலேயே சுவர் எழும்பி நாட்டு ஓடும் ஏறிவிட்டது, பூச்சு பாக்கி. பின் அறைக்கு இப்போதுதான் கருங்கல் கடைக்கால் முடிந்திருக்கிறது. இரண்டு அறையும் இரண்டு கட்டத்தில் இருப்பது கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கு வசதி. வந்திருப்பது நான், மதுரையில் கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண், கோவையில் பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி. சாப்பாடும் படுக்க இடமும் உண்டு. கூலியும் கிடையாது, கட்டணமும் கிடையாது. சனி, ஞாயிறில் கையில் ஒரு மண் உருண்டையைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பும் பயிற்சிகளுக்கு வாங்குகிற தொகையை நினைத்தால், இது நியாயமான ஏற்பாடு.

மேஸ்திரிக்கு எழுபது தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் தாத்தாதான். சின்ன வயதில் மண் சுவர் வைத்தவர். அப்புறம் பல வருஷம் பெங்களூரில் கான்கிரீட் வேலை. முதுகு ஒத்துழைக்காமல் ஊர் திரும்பியபோது இந்த வேலை தேடி வந்திருக்கிறது. "மறுபடி மண்ணுக்கு வந்தது எப்படி இருக்கு தாத்தா?" என்று ஆர்வமாகக் கேட்டேன். "ரெண்டும் கூலிதாம்மா" என்றார்.

வெளிச்சம் போவதற்குள் கடைக்காலைச் சுற்றிக் காட்டினார். கடைக்காலுக்கு வாணம் (பள்ளம்) தோண்டிச் சரளை தட்டும் வரை போய், அங்கிருந்து கருங்கல். தரைக்கு மேலே இரண்டடி உயரம் கல்தான் நிற்கிறது. மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் அதற்குள் அடங்கிவிடும். மேலே கூரை சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மண் சுவரைக் கொல்வது மழை என்று பொதுவாகச் சொல்கிறோம். கீழே இருந்து ஏறும் ஈரமும், எரவானம், அதாவது கூரையின் நீட்டம், குட்டையாக இருந்து சுவரில் வழியும் தண்ணீரும்தான் கொல்கின்றன. இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் மழை பெய்துவிட்டுப் போகட்டும்.

திங்கள்

காலையில் மண் பார்த்தோம். மேல்மண்ணில் வேரும் சருகும் மட்கியிருக்கும், சுவருக்கு ஆகாது; ஓர் அடி வழித்து ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழேதான் எடுக்க வேண்டும். மதுரைப் பெண் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி நிழலில் வைத்தாள். மணல் சில நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் படிய சில மணி நேரம். களி கடைசியாக, ஒரு நாள் கூட எடுத்துக்கொண்டு இறங்கும். மூன்று பட்டைகளையும் அளவுகோல் வைத்து அளந்தால் விகிதம் தெரியும்.

தாத்தா பாட்டிலைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அவர் வழி வேறு. ஒரு பிடி மண்ணை முகர்ந்தார். மக்கிய வாடை வந்தால் ஒதுக்கிவிடுவாராம். துளி எடுத்துப் பல்லில் கடித்தார்; நறநற என்றால் மணல். நனைத்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவினார். சுலபமாகப் போகாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் களி. பிறகு ஈர மண்ணை விரல் தடிமனுக்குத் திரித்து, மேசை விளிம்பில் வைத்து மெல்ல வெளியே தள்ளச் சொன்னார். அரை விரல் நீளத்துக்குள் ஒடிந்தால் களி பத்தாது, ஒரு சாண் வரை தொங்கினால் களி அதிகம். கடைசியாக உருண்டை பிடித்து நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் போட்டோம். பொலபொலவென்று சிதறினால் மணல் மண். அப்பளமாகச் சப்பிப்போனால் தண்ணீரோ களியோ கூடுதல். நாலைந்து துண்டாக உடைந்தால் சுவருக்கு ஆகும்.

"இதுக்கு மூணு சட்டி மண்ணுன்னா ஒரு சட்டி மணலு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலையில் பாட்டிலை அளந்தபோது களி முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது. சுவருக்கு இருபதை ஒட்டி இருந்தால் நல்லது. மூன்றுக்கு ஒன்று மணல் சேர்த்தால் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கிறது.

கரிசல் மண்ணில் கட்டலாமா என்று கோவைத் தம்பி கேட்டான், அவன் பக்கத்து நிலம் அப்படியாம். வேண்டவே வேண்டாம் என்றார் தாத்தா. கரிசலில் இருக்கிற களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் கை நுழைகிற அளவு வெடிக்கும். அங்கே சுவருக்கு மண்ணை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், கடைக்காலும் கரிசலைத் தாண்டிப் போக வேண்டும். 'உங்கள் நிலத்து மண்ணிலேயே உங்கள் வீடு' என்று இணையத்தில் வாசிப்பது எல்லா நிலத்துக்கும் பொருந்தாது.

பின் அறைக்கான மண்ணில் பாதி, இதே ஊரில் இடிந்து கிடந்த ஒரு பழைய வீட்டுச் சுவர். இரண்டு டிராக்டர் நடையாகக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். உடைத்து, நனைத்து, மிதித்தால் மறுபடி புது மண். அந்தக் குவியலில் கருக்காத வைக்கோல் துணுக்குகள் இன்னும் இருக்கின்றன.

செவ்வாய்

நேற்று சாயங்காலம் பள்ளத்தில் மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு ஊற வைத்திருந்தோம். இன்று முழுக்க மிதி.

நடைமுறை இவ்வளவுதான்: ஊறிய மண்ணில் மணலைத் தூவு, மிதி, புரட்டு, வைக்கோலைத் தூவு, மறுபடி மிதி. முதல் அரை மணி நேரம் குழந்தைகள் மாதிரிச் சிரித்துக்கொண்டு மிதித்தோம். ஒரு மணி நேரத்தில் பேச்சு நின்றது. பத்து மணிக்குத் தொடை நரம்பு இழுத்தது. எங்களோடு மிதித்த சித்தாள் அக்கா இரண்டு பேரும் குதிகாலால் குத்தி, பாதத்தைச் சற்றுத் திருப்பி எடுக்கிறார்கள். நாங்கள் பாதம் முழுவதையும் வைத்து அமுக்கியதில் மண் பக்கவாட்டில் விலகியதே தவிரக் கலக்கவில்லை. அந்தத் திருப்பலைப் பழகிய பிறகு பாதி நேரத்தில் பதம் வந்தது.

பதம் என்பதைச் சொல்லால் விளக்க தாத்தா மறுத்துவிட்டார். சப்பாத்திக்குப் பிசைந்த மாவை விடக் கொஞ்சம் இறுக்கம் என்று நான் குறித்துக்கொண்டேன். குதிகால் பதிந்து எடுத்தால் அச்சு அப்படியே நிற்க வேண்டும், மண் காலோடு எழும்பி வரக் கூடாது. தண்ணீர் ஒரு செம்பு கூடினாலும் அன்றைக்குச் சுவர் வைக்க முடியாது. இறுகுவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

வைக்கோலுக்கு இங்கே பெரிய தட்டுப்பாடு. நெல் விளையாமலில்லை. அறுவடை இயந்திரம் வைக்கோலை நொறுக்கித் துப்பிவிடுகிறது. சுவருக்கு நீளமான தாள் வேண்டும், வெடிப்பு ஓடாமல் மண்ணைப் பிடித்து வைப்பது அதுதான். கையறுப்பு வைக்கோலுக்காக வீட்டுக்காரர் நாலு ஊர் அலைந்திருக்கிறார். நொறுங்கிய வைக்கோல் பூச்சுக்கு ஆகும்.

மதிய வெயிலில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிட்டுக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். பின் அறை பத்துக்குப் பன்னிரண்டு. நாலு பக்கமும் சேர்த்து நாற்பத்து நாலு அடிச் சுவர். கனம் ஒன்றரை அடி, உயரம் எட்டு அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 500 கன அடி மண். ஈரத்தோடு ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோ. மொத்தம் 25 டன். இதை வெட்டி, சுமந்து, நனைத்து, மிதித்து, உருட்டி, மேலே தூக்கிக் கொடுத்து, அடுக்க வேண்டும். ஒவ்வொரு கிலோவும் நாலைந்து முறையாவது கை மாறும்.

மண் வீடு மலிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொருள் மலிவுதான், மறுக்கவில்லை. செலவு முழுக்க உடம்பில் இருக்கிறது. முன்பு மாடு கட்டி மிதித்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், உன் வீட்டுக்கு நான் என் வீட்டுக்கு நீ என்று கணக்குத் தீர்ந்தது. இன்று அத்தனை கைக்கும் நாள் கூலி. வீட்டுக்காரர் நோட்டைக் காட்டினார். பின் அறைக்கு இதுவரை ஆன செலவில் பெரும்பங்கு ஆள் கூலி. நாங்கள் மூன்று பேர் சும்மா மிதிப்பது அவருக்கு எவ்வளவு உதவி என்று அப்போதுதான் புரிந்தது. கட்டணம் வாங்காததன் காரணமும்.

புதன்

சுவர் வைக்கத் தொடங்கியாயிற்று.

கடைக்காலின் மேல் வரியில் சுண்ணாம்புச் சாந்து பூசிக் காய்ந்திருந்தது. ஈரம் ஏறாமல் இருக்கவும், கரையான் வழி தேடாமல் இருக்கவும். அதன் மேல் தண்ணீர் தெளித்து முதல் உருண்டை. பள்ளத்திலிருந்து ஒருவர் உருட்டி வீச, அடுத்தவர் பிடித்து மேலே கொடுக்க, தாத்தா வாங்கி ஓங்கி அடித்து வைக்கிறார். வைத்ததும் கட்டை விரலால் கீழ் உருண்டையோடு தைக்கிறார். அந்தத் தைப்பு இல்லாவிட்டால் அடுக்குக்கு அடுக்கு பிரிந்து நிற்கும்.

ஒரு நாளைக்கு ஒன்றேகால் அடி உயரம்தான். அதற்கு மேல் ஏற்றினால் தன் கனத்திலேயே கீழ்ப் பகுதி தொப்பை போடும். நாலு பக்கமும் ஒரு சுற்று வந்து முடிந்ததும் நிறுத்த வேண்டும். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் அடுத்த படை. ஓரளவு இறுகியதும் கூரான மண்வெட்டியால் பக்கத்தைச் செதுக்கி, தூக்குக் குண்டு விட்டுப் பார்க்கிறார்கள். செதுக்கி விழுந்த மண் மறுபடி பள்ளத்துக்கே போகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சித்தாள் அக்காக்களில் மூத்தவர் இருபது வருஷமாகக் கட்டட வேலைக்குப் போகிறவர். சாந்தின் பதம் அவருக்குத் தெரியாததா? ஆனால் கரண்டி அவர் கையில் கொடுக்கப்படுவதில்லை. ஆண் பையன் நிமிந்தாளாக (கொத்தனாருக்கு உதவியாள்) சேர்ந்து நாலைந்து வருஷத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே ஓய்கிறாள். கூலி வித்தியாசமும் அதோடு போகிறது. தாத்தாவிடம் கேட்டேன். "யாரும் கேட்டதில்லியேம்மா" என்றார். மதுரைப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. அக்காவோ பீடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, "உருண்டையைக் குடு, பேச்சு அப்புறம்" என்றார். இன்று மாலைச் சுற்றில் கிழக்கு மூலை முழுக்க அவர் வைத்ததுதான்.

வியாழன்

கதவு நிலை வைத்தார்கள். வேப்ப மர நிலை, பழைய வீட்டிலிருந்து வாங்கியது. நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் துணியில் நவதானியமும் ஒரு ரூபாய்க் காசும் முடிந்து மேலே கட்டி, தேங்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல். வேலை அரை நாள்தான். ஜன்னலுக்கு மேலே போட கடப்பாக்கல் பலகைகள் வந்து இறங்கின.

உடம்பு வலி உச்சத்தில் இருக்கிறது. எழுத இதற்கு மேல் தெம்பில்லை.

வெள்ளி

சுண்ணாம்பு நாள். இத்தனை நாளில் எனக்குப் பிடித்த நாள் இதுதான்.

சேலம் பக்கத்துக் கல் சுண்ணாம்பு, சூளையில் சுட்டு மூட்டையில் வந்தது. கையில் எடுத்தால் கல்லின் கனமே இல்லை. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி அளவில் சுடும்போது அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது, எடை பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடுகிறது. அதைத் தண்ணீரில் போட்டால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வெந்து நீறும். சுவரில் பூசிய பிறகு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். இதற்கு மாதங்கள், கனமான சுவரென்றால் வருஷங்கள் ஆகும். சிமெண்டுக்கு 1,450 டிகிரி வேண்டும். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் அந்தத் தொழிலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புச் சூளையும் புகை விடத்தான் செய்கிறது. அதன் பூச்சு அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இரும்பு டிரம்மில் பாதிக்கு மேல் தண்ணீர். கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு, சுண்ணாம்புக் கட்டியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இட வேண்டும். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பு. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடு ஓரிடத்தில் குவிந்து வெடித்துத் தெறிக்கும், கண் போய்விடும். முதல் கட்டி விழுந்து சில விநாடிக்கு ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சீறல். நாலைந்து கட்டி போனதும் டிரம் முழுக்கக் கொதிக்கத் தொடங்கிவிட்டது, அடியில் நெருப்பே இல்லாமல். கோவைத் தம்பி தன் தெர்மாமீட்டரை எடுக்க ஓடினான். திரும்பி வருவதற்குள் ஆவி முகத்தில் அடித்து யாரும் கிட்டே போக முடியவில்லை.

இன்று நீற்றியதை உடனே பூச முடியாது. சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி, வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். எவ்வளவு பழசோ அவ்வளவு வெண்ணெய். எங்களுக்குப் போன வருஷம் நீற்றிய ஒரு டிரம்மைத் திறந்து கொடுத்தார்கள். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். தண்ணீருக்குப் பதிலாகக் கடுக்காய்த் தண்ணீர்: கடுக்காயை உடைத்து, பனை வெல்லத்தோடு ஊறப்போட்டு, நுரை கட்டிப் புளித்தது. வாடை கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது, ஆனால் கையை விட்டுப் போவதில்லை. கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சாந்துக்கு இழுவை கொடுத்து, சீக்கிரம் உலர்ந்து வெடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன என்பது அனுபவக் கணக்கு. முன்பு வட்டப் பள்ளத்தில் கல் உருளையை மாடு கட்டிச் சுற்றவிட்டு அரைப்பார்கள். இங்கே ஒரு பழைய ஈரக் கிரைண்டர். சத்தம் தாங்கவில்லை.

தாத்தாவின் அப்பா செட்டிநாட்டுப் பக்கம் போய்ச் சுண்ணாம்புக் காரை வேலை பார்த்தவராம். அங்கே கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற பளபளப்பு கொண்டுவருவார்கள். "உனக்கு அந்த வேலை வருமா தாத்தா?" "பார்த்திருக்கேன். செஞ்சதில்லை." இதை அவர் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். நான்தான் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனி

மூன்றாவது படை ஏறியது. மதியம் வானம் மப்பாக இருந்ததால் சுவரின் தலையைப் படுதா போட்டு மூடினோம். மழை வரவில்லை.

இரவு ஒரு வாக்குவாதம். மதுரைப் பெண்ணின் பேராசிரியர்கள் சொல்வது அழுத்திய மண் கல்: மண்ணில் ஐந்து சதவீதம் சிமெண்டு சேர்த்து, கை இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சுடத் தேவையில்லை, விறகு மிச்சம், ஒரே அளவாக வரும், மாடி கூட எழுப்பலாம். ஆரோவில்லில் பூமி நிறுவனம் 1989 முதல் இதைச் செய்தும் கற்றுக்கொடுத்தும் வருகிறது. இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம், அங்கே போய்ப் பார்த்தாலே தெரியும் எவ்வளவு நேர்த்தி என்று. வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. சிமெண்டு சேர்ந்த மண்ணை நாளைக்கு இடித்தால் மறுபடி குழைக்க முடியாதே என்றார்.

நான் மதுரைப் பெண்ணின் பக்கம். இந்த வீட்டுக்குச் சுத்த மண் சரி. நகரத்தில் ஒன்றரை சென்ட்டில் கட்ட வேண்டியவர்களால் ஒன்றரை அடிக் கனத்துக்குச் சுவர் வைக்க இயலாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பெரும்பாலும் சுட்ட செங்கல்லில்தான் கட்டினார். கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு முறையில் அடுக்கிக் கால்வாசிக் கல்லை மிச்சம் பிடித்தார். அவரை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. தாத்தாவிடம் தீர்ப்புக் கேட்டோம். தூங்கிவிட்டிருந்தார்.

ஞாயிறு

விடுமுறை. திண்டிவனம் பேருந்தில் ஏறிச் செஞ்சிக்குப் போனோம். கோட்டை 2025இல் மராத்தியக் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து கூட்டம் கூடியிருக்கிறது. மலை ஏறுகிற தெம்பு யாருக்கும் இல்லை, அடிவாரத்திலேயே சுற்றினோம். வெள்ளிக்கிழமை சுண்ணாம்பைக் கையாண்டுவிட்டு நெற்களஞ்சியத்துக்குள் நுழைவது வேறு அனுபவம். தலைக்கு மேலே வளைந்து நிற்பதும் சுவரைப் பிடித்து வைத்திருப்பதும் இந்தக் காரைதான். பூச்சு பெயர்ந்த இடங்களில் மணலின் பருமனைக் கூடப் பார்க்க முடிகிறது. தம்பி நகத்தால் கீறப் போனான், காவலாளி விசிலடித்தார்.

திரும்பி வரும் வழியில் எங்கள் ஊரிலேயே இன்னொன்று கண்ணில் பட்டது. பழைய மண் வீட்டுக்கு யாரோ அக்கறையாகச் சிமெண்டுப் பூச்சு அடித்திருக்கிறார்கள். மண் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிட, உள்ளே தங்கிய ஈரத்தில் மண் இளகி, பூச்சு பலகை பலகையாக உப்பி நிற்கிறது. தட்டினால் கொடகொட என்ற சத்தம். வீட்டுக்காரப் பாட்டி, "மண்ணுன்னாலே இப்படித்தான், இடிச்சிட்டுக் கட்டணும்" என்றார். மண்ணின் மேல் பழி விழுந்துவிட்டது.

திங்கள்

முன் அறைப் பூச்சு. இன்றைக்குத் தலைமை தாத்தா இல்லை, மூத்த அக்கா. அவரே எடுத்துக்கொண்டார், யாரும் கொடுக்கவில்லை.

சலித்த செம்மண், மணல், உமி, விரற்கடை அளவுக்கு நறுக்கிய வைக்கோல், புதுச் சாணி. எல்லாம் சேர்த்து இரண்டு நாள் புளித்தது. ஒரு முழச் சதுரத்தில் நாலு கலவையைப் பூசிப் பார்த்து வைத்திருந்தார். மணல் குறைந்தது வெடித்திருந்தது, மணல் மிஞ்சியது விரல் பட்டதும் உதிர்ந்தது, மூன்றாவதுதான் நின்றது. நாலாவது எதற்கு என்று கேட்டேன். அதில் சப்பாத்திக்கள்ளிச் சாறு சேர்த்திருக்கிறாராம், வெளிப்புறத்துக்கு. அது இன்னும் இறுகியிருந்தது.

சுவரை நனைக்காமல் பூசினால் பூச்சின் ஈரத்தைச் சுவர் குடித்துவிடும். அதனால் முதலில் விசிறித் தெளி. பிறகு உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழிருந்து மேலாக இழு. பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தும் மணியாசு கட்டை இரண்டாம் பூச்சுக்குத்தான். கட்டையைப் பிடித்தால் சுவரின் மேடு பள்ளம் கைக்குத் தெரியாது என்கிறார். குடிசைக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் மண் அடித்து மெழுகி வளர்ந்தவர்; அம்மா செய்ததைப் பார்த்துப் பழகியது. ஊரில் இதற்கெல்லாம் கூலி இருந்ததே இல்லை, பெண்கள் வீட்டோடு செய்கிற வேலை. இந்த வீட்டில்தான் முதல்முறையாக இதற்கு அவருக்குக் கொத்தனார் கூலி கணக்கு வைக்கிறார்கள். டீச்சரம்மா எடுத்த முடிவு. போன புதன்கிழமைப் பேச்சுக்குப் பிறகு.

மாடக்குழியின் உள்வளைவைப் பூச எனக்குக் கொடுத்தார். மதியம் முழுக்க அது ஒன்றுதான் செய்தேன்.

செவ்வாய்

முன் அறைத் தாழ்வாரத்துக்குக் கூரையைத் தாங்கும் பனங்கை ஏற்றினார்கள். முற்றிய பனையின் வெளிவட்டம் மட்டும்தான் வைரம், நடுவில் சோறு. அதைக் கழித்துப் பிளந்து செதுக்கினால் கைமரம். இரும்பு மாதிரி கனம், தும்பு ஏறினால் விரல் சீழ் பிடிக்கும். இவையும் இடித்த வீட்டிலிருந்து வந்தவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்த பிறகு, பழைய கைமரத்துக்கு விலை ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள். அனுமதி வேண்டும் என்பது சரியான முடிவுதான். செங்கல் சூளைக்கு விறகாக எத்தனை போயிருக்கும்.

ரீப்பர் அடித்து ஓடு வேய நாளைக்கும் வேலை இருக்கிறது. நான் நாளைக் காலை கிளம்புகிறேன்.

புதன் காலை

பேருந்துக்கு நேரமிருந்ததால் மூத்த அக்கா வீட்டில் டீ. தகரம் வேய்ந்த பழைய குடிசை, பக்கத்தில் எம்-சாண்டும் ஜல்லியும் குவித்திருக்கிறது. வீடு கட்ட அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பெயர் வந்திருக்கிறதாம். மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300க்குக் கான்கிரீட் கூரை. "நீ இவ்ளோ நல்லா மண்ணு பூசற, உனக்கு மண் வீடு வேணாமாக்கா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது.

"வாத்தியார் மண்ணுல கட்டினா நாலு பேரு வந்து போட்டோ எடுப்பாங்க. நான் கட்டினா, அய்யோ பாவம், இன்னும் குடிசைதானான்னுவாங்க. என் மருமக வர்ற வூடும்மா இது."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவரே தொடர்ந்தார். கான்கிரீட்டுக்குள் மதியம் அடுப்பெரிக்க முடியாது, வெந்துவிடும். பின்பக்கம் சமையலுக்கு மட்டும் மண்ணில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளப் போகிறார். தாத்தாவிடம் பேசியாகிவிட்டது. கடைக்காலுக்குக் கல் இருக்கிறது, பழைய குடிசைச் சுவரை உடைத்தால் மண் இருக்கிறது. மிதிக்கத்தான் ஆள் வேண்டும். மகன் திருப்பூரில் இருக்கிறான்.

"வைகாசில வர்றியா? கூலி கிடையாது. சோறு உண்டு."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மதுரைப் பெண்ணும் வருகிறாள். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்றான். தேதி முடிவாகவில்லை. மனைக்குப் பட்டா பெயர் மாற்றம் இன்னும் ஆகாமல் நிற்கிறது, அது கைக்கு வந்த பிறகுதான் முதல் தவணைப் பணம்.